கோபித்துக்கொள்ள அறை இல்லாத வீடு

அன்புக் குட்டிம்மா,

மாடி வீட்டை விற்றுவிட்டு ஒற்றை அறைக்கு வந்துவிட்டோமே என்று போனில் அழுதாய். அழாதே. வீடு பெருக்க எனக்கு இப்போது ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

போன வாரம் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று அப்பா முறைத்துக்கொண்டு எழுந்தார். பழைய வீடென்றால் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். மறுபடி பேச மாதக்கணக்காகும். இங்கே மாடி ஏது? நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"எனக்கு அவசரம். மிச்சக் கோவத்த வெளிய வந்து காட்டுங்க!"

உள்ளே ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! "இந்த வீட்டுல நிம்மதியா ஒரு சண்டை போட முடியுதா?" என்றபடி வெளியே வந்தார். அன்றிலிருந்து எங்கள் பேச்சு ஓயவில்லை.

லீவுக்கு வா. படுக்க எங்கள் நடுவில்தான் இடம். சின்ன வயதில், "அம்மா சொல்லச் சொன்னாங்க", "அப்பா கேக்கச் சொன்னாரு" என்று மாடிப்படியில் ஏறி இறங்கி மூச்சிரைப்பாயே, அந்த வேலை இனி உனக்கு இல்லை. வந்து சும்மா படுத்திரு.

முத்தங்களுடன்,
அம்மா

உப்பு நிஜமாகவே அதிகம்தான். இதை நானே எழுதுகிறேன்.
அப்பா