நீ ஆருக்க பிள்ளை?

மே 12, 2024 – ஞாயிறு

ராஜபாளையம் சர்ச்சில் அசன விருந்து. பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஷீனாவின் பேச்சைப் பார்க்கணுமே! சோறு வைத்த ஜாஸ்மினிடம், "ஆன்ட்டி, கொஞ்சமா வைங்க, ப்ளீஸ்" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயே மாறிப்போச்சு. யாரு வீட்டுப் பிள்ளைட்டி நீ?" என்று பந்தியிலேயே கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இலையை மூடிவிட்டு எழுந்தாள். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். போகட்டும், பெற்ற மகளைக் கேட்கக்கூடாதா?

மே 16

ஷீனா போனை எடுக்கவில்லை. இன்றோடு நான்கு நாள்.

மே 21

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறதென்று, இவர் எங்கள் கல்யாண வீடியோ கேசட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்து, பென்டிரைவில் போட்டு வாங்கி வந்தார். டிவியில் பார்த்தோம். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு வாசல். கேமராக்காரர் ஏதோ கேட்க, கல்யாணப்பெண் சொல்கிறாள்: "எனக்க அம்மைய விட்டுட்டுப் போவ சங்கடமா இருக்கு."

முகம் என்னுடையது. பேச்சு?

"வேற யாரோட குரலையும் ஒட்டியிருக்கானா?" என்று இவரிடமே கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்!

"ஏட்டி, நீதான். வந்த புதுசுல அம்புட்டும் இப்படித்தான பேசுவ?"

அந்த இடத்தையே மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.

மே 22

பேண்டேஜ் கம்பெனியில் இன்று வேலையே ஓடவில்லை. சேர்ந்த புதிதில் நான் "எனக்க" என்றாலே இங்கே எல்லாரும் அதேபோல் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு மாதம் யாரோடும் பேசாமல் சாப்பிட்டேன். அப்புறம் இவர்களைப் போலவே பேசினேன், கேலி நின்றுவிட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லையே!

அந்தக் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள்: "நீ ஆருக்க பிள்ளை?" விளையாட்டுக்குக் கேட்டாள் என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். ஐயோ.

வீடியோவை ஷீனாவுக்கு அனுப்பினேன்.

மே 23

அவளே கூப்பிட்டாள். "அம்மா, இது நீயா?"

"நானேதான்."

"'வாரேன்'னு சொன்னாப் போதும், ஆபீஸ்ல மொத்த டீமும் திருப்பிச் சொல்லும்மா. யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அழுதுவிட்டேன். அவளும்தான்.

மே 26 – ஞாயிறு

அடுத்த மாதம் மூவரும் மார்த்தாண்டம் போகிறோம். சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷப்படட்டுமே என்று, பழையபடி, "எம்மே, எனக்க மோளு லீவுக்கு வாறா" என்றேன்.

"ஆரு?"

இரண்டு தடவை சொல்லியும் நான்தான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் இந்த ஊர்ப் பேச்சிலேயே, "அம்மா, நாந்தாம்மா, ராஜபாளையத்துல இருந்து" என்றேன்.

அப்புறம்தான் பேசினாள்.