நாரில் போட்ட முடிச்சு

அய்யா,

இன்று காலை, காட்டுக் காவலுக்கு வந்த புதிய வாச்சர் நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் ஒரு நாரை வைத்துவிட்டுப் போனார். ஒரு முனையில் முடிச்சு, அதில் காயாத சேறு. யானை மிதித்த சேற்றின் வாடை. கொழுந்துக் கூடையை எடுத்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் வேலைக்குப் போகும் முன்பே அலுத்துப்போகிறது.

அவருக்கும் எழுதத் தெரியாதாம். உங்களுக்கு மகள் நான் எழுதிக் கொடுத்ததுபோல் தனக்கும் எழுத வேண்டும் என்றார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழுந்து கிள்ளப் போன வருடம்தான் காட்டைச் சுற்றி எல்லைக் கல் நட்டார்கள். இனி இங்கே அனுமதி இல்லாமல் யாரும் மிருகங்களைச் சுடக் கூடாது என்றார்கள். அதுவரை வேட்டைக்கு வரும் துரைமாருக்குத் தடம் பார்த்துச் சொன்ன உங்களையே காவலுக்கும் வைத்தார்கள். லயமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

காட்டில் பார்த்ததை அன்றன்றே எழுதிக் காட்டிலாகா ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. உங்களுக்கோ எழுத்து தெரியாது. அதனால் காட்டை மடியில் கட்டிக்கொண்டு வருவீர்கள். புலித் தடத்தின் நீளத்துக்கு ஒடித்த மூங்கில் குச்சி, மிளா மானின் மயிர், யானையின் முன்கால் தடத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்ட நார். அந்த அளவைப் போல் இரண்டு மடங்கு யானையின் உயரம். எதற்கு இந்த அளவு என்று முதல் நாள் கேட்டேன். "செருப்புத் தைக்கத்தான் தாயி" என்றீர்கள். நான் எழுதுவேன். என் பள்ளி நோட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நீங்கள் கொண்டுவந்த நார் என் இரு கைகளையும் விரித்தும் அடங்கவில்லை. அப்படியொரு கொம்பன் யானையை நீங்களே அதுவரை பார்த்ததில்லை. கஞ்சி குடிக்கும்போது அது எந்த ஓடைக்கு, எந்த நேரம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எழுதச் சொன்னது அளவை மட்டும்தான். ஆபீஸில் வாசிப்பவர்கள் மெச்ச வேண்டும் என்று ஓடையையும் நேரத்தையும் நானாகச் சேர்த்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்குத் தாளில் மட்டும் பேச்சு நிறைய வந்தது.

பத்து நாள் கழித்து மேலிடத்து விருந்தாளி ஒருவர் அனுமதிச் சீட்டோடு வந்தார். தடம் பார்க்க உங்களைக் கூப்பிடவில்லை. நேரே அந்த ஓடைக்குப் போய்க் கொம்பனைச் சுட்டுவிட்டார்கள். வெடிச் சத்தம் கேட்டுப் போன நீங்கள், அவர்கள் கொம்பை அறுத்து எடுத்துப் போகும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தீர்களாம்.

அன்று கஞ்சியைத் தொடவில்லை. "நேராப் போயி நின்னுருக்காக. யாரு சொன்னாகன்னு தெரியல" என்றீர்கள். பிறகு, அதுவரை கேட்காததைக் கேட்டீர்கள்.

"தாயி, அன்னைக்கு எழுதுனத ஒருக்கா வாசி."

நோட்டை எடுத்து வாசித்தேன். நாள், அளவு. ஓடை வரும் வரியில் தாளைத் திருப்பிவிட்டேன்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்யா."

அதன் பிறகும் குச்சியும் நாரும் கொண்டுவந்தீர்கள். ஆனால் கஞ்சி குடிக்கும்போது காட்டைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. அது என்மேல் சந்தேகமா, வெறும் அலுப்பா, தெரியவில்லை. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும்வரை கேட்கத் தைரியமும் வரவில்லை.

சாயங்காலம் புதிய வாச்சர் வந்தார். யானை நின்ற மூங்கில் புதர் இருக்கும் பக்கம் கைகாட்டிச் சொன்னார். நான் அளவை மட்டும் எழுதினேன்.

"எடத்த எழுதலையா புள்ள?"

"அது தாளுக்கு வேணாம்ணே."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் போனபின் பழைய நோட்டை எடுத்தேன். அந்தக் கொம்பனின் நார் அதற்குள்தான் சுருண்டு கிடக்கிறது. அன்று விட்ட வரியை இன்று உங்களுக்கு உரக்க வாசித்தேன்.

"பொழுது சாயும் நேரம் வாழையோடைக்குத் தண்ணீர் குடிக்க வரும்."

அம்புட்டுதான்யா.