நரம்பு ஓடிய திரை

நேற்று சின்னசேலம் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் புளித்த நாற்றம் உள்ளே வந்தது. ஜவ்வரிசி மில்லில் கிழங்கு அலசிய தண்ணீர் தேங்கினால் வருமே, அதேதான். பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஆழமாக இழுத்து மூச்சு விட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். இந்த நாற்றம் பட்டால் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இப்படி ஒரு கோளாறு உள்ளவர்கள் உலகத்தில் நீயும் நானும்தான் இருந்தோம். போன மாதம் நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து நான் மட்டும்தான்.

நம் ஜவ்வரிசி மில் மொதலாளி கம்ப்யூட்டர் வாங்கியது கணக்குப் பார்க்க அல்ல என்பது கள்ளக்குறிச்சிக்கே தெரியும். ஆத்தூரில் அவருடைய சம்பந்தி ஒன்று வாங்கியிருந்தார். அது பச்சை எழுத்து மட்டும் காட்டும் பெட்டி. ஆகவே நம்முடையது கலர். அதற்கென்று ஏசி ரூம், கதவில் செருப்பைக் கழற்றச் சொல்லி போர்டு. மில் குமாஸ்தாவாகிய நான் ஏசிக்காகவே அந்த ரூமின் பக்தன் ஆனேன். புரோகிராம் எழுத மெட்ராஸிலிருந்து நீ வந்து இறங்கியபோது உன் சட்டையில் இஸ்திரி கூட இல்லை. என் வயசுதான் இருக்கும். இவனா கம்ப்யூட்டர்காரன் என்று அன்றைக்கே டீக்கடையில் பேச்சைக் கிளப்பி வைத்தேன்.

எந்த லோடு எப்போது வந்தது, எதை முதலில் அரைக்க வேண்டும்: நீ எழுத வந்தது அவ்வளவுதான். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கிய பிறகு காத்திருக்காது. ஓரிரு நாளில் உள்ளே கருநீலமாக நரம்பு ஓடும், மாவு கருக்கும், அப்புறம் அதைச் சீந்த ஆளிருக்காது. வேறொருவனாக இருந்தால் லாரி நம்பரையும் நேரத்தையும் வரிசையாகத் திரையில் கொட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். நீ பிடிவாதமாக உட்கார்ந்தாய். "படிக்க வைக்கக் கூடாது மாப்ளே, பாக்க வைக்கணும்" என்றாய்.

பார்க்க வைக்க உன் கையில் என்ன இருந்தது? எழுத்துகள், கட்டம் போடும் கோடுகள், புள்ளி அடர்ந்த சின்னச் சதுரங்கள். அவற்றை மட்டும் வைத்து நம் மில் முற்றத்தையே கண்ணாடிக்குள் கட்டிவிட்டாய். கேட், எடைமேடை, அரவை மிஷின், நடுவே லோடுக்கு ஒரு குவியல். கிழங்கு பிடுங்கிய நேரத்தை நான் கேட்டில் விசாரித்து வந்து ஒற்றை விரலால் தட்டுவேன். வெள்ளையாக ஒரு குவியல் எழும். நேரம் ஆக ஆக மஞ்சளாகும். இனி தாங்காது என்றால் சிவப்பு. யாரும் தொடாமலே ஒரு குவியல் மஞ்சளாக மாறியதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் கூட அப்படி ஆனதில்லை. கோயிலில் என் கவனம் புளியோதரை மேல் இருக்கும். ஆயுத பூஜைக்கு மொதலாளி வீட்டம்மா திரைக் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டுப் போக, அந்தச் சிவப்பைப் பார்த்து எலவனாசூர்கோட்டை லோடு கெட்டுவிட்டது என்று நான் முற்றத்துக்கு ஓடியதை நீ கடைசிவரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். கேள்விப்பட்டேன்.

பிறகு போராட்டம் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கு பார்த்தாலும் மறியல். புளியமரங்கள் வெட்டுண்டு ரோட்டின் குறுக்கே கிடந்தன. மலையிலிருந்து இறங்கிய லாரிகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. வழி விட்ட அன்று எல்லாம் ஒன்றாக வந்து நம் கேட்டில் முட்டின. மலைமேல் கரியாலூர்ச் சடையனின் லோடும் அதில் இருந்தது. அந்த வருஷம் அவர் மண்ணில் விளைந்ததெல்லாம் அந்த ஒரே லாரிக்குள். மொதலாளியின் மச்சினனுக்கும் ஒரு லோடு இருந்தது, அன்று காலையில் பிடுங்கியது. மச்சினன் லோடு முதலில் போவதுதான் மில்லின் வழக்கம். ஆனால் திரையில் மச்சினன் வெள்ளை, சடையன் சிவப்பு. மொதலாளி திரையைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

அதற்குள் ஏசி ரூமுக்கு டீ கொண்டுவந்தவர் வெளியே போய், உள்ளே கலர் கலராக ஏதோ வரிசை கட்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டார். போராட்டக்காரர்களும் எதிர்த்தவர்களும் ஒருவர் கொடியை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த நாட்கள். ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னா மொதலாளி, பொட்டிக்குள்ள கொடி ஏத்திக்கினு இருக்கீங்களாமே?"

"யார் கொடிய்யா?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்."

எட்டிப் பார்த்த இரண்டு தரப்பும் அது எதிர்த்தரப்பின் கொடிதான் என்று முடிவு கட்டின. ஏசி ரூமில் ஒரு மனிதருக்கு வேர்த்து வழிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, கலரே வாணாம். எல்லாத்தியும் எடுத்துடு" என்றார் மொதலாளி.

"எடுத்துட்டா எது கெடப் போவுதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றாய் நீ.

மச்சினன் சிரித்தார். "கெழங்குல இன்னா தம்பி மஞ்சா, செவப்பு? ஒடச்சா வெள்ளை. கெட்டா கருப்பா நரம்பு ஓடும். இது தெரியாம படம் காட்டிக்கினு இருக்கான். மாமா, என் லோட வுடச் சொல்லுங்க."

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். அருள் வந்தவன் மாதிரி அவரையே பார்த்தாய். "அண்ணே, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாய். அவரும் பெருமையாக இன்னொரு முறை சொன்னார்.

உட்கார்ந்தாய். டீ ஆறியது. குவியல்கள் மறைந்தன, கலர் மறைந்தது. கறுத்த திரையில் லோடுக்கு ஒன்றாக, குறுக்கே உடைத்த கிழங்குகள் எழுந்தன. வெள்ளை வட்டங்கள். நேரமானவற்றில் விளிம்பிலிருந்து புள்ளி புள்ளியாகக் கருமை உள்ளே இறங்கியது. நீ பெட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாய்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். யாருக்கும் அது தேவைப்படவில்லை. "டேய், நரம்பு ஓடியிருக்குது பாரு" என்றது ஒரு குரல். கொடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சடையன் ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்து, "என்து எதுங்க சார்?" என்றார். நீ விரல் வைத்துக் காட்டினாய். அந்த நேரம் பார்த்து இன்னொரு புள்ளி கருத்தது.

"ஓடுது" என்றார். "ஓடிக்கினே இருக்குதுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு கிழங்கைப் பார்க்கத் தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். பக்கத்தில் மச்சினனுடைய வட்டம் பௌர்ணமி மாதிரி இருந்தது. "இது நாளிக்கும் தாங்கும்யா" என்றார் யாரோ. இனி மச்சினன் எதைச் சொன்னாலும் தான் சொன்னதையே மறுக்க வேண்டும்.

"மலை லோட மொதல்ல உள்ள தள்ளுங்க" என்றார் மொதலாளி, யார் முகத்தையும் பார்க்காமல்.

அப்புறம் நீ மெட்ராஸ் திரும்பி, எத்தனையோ ஆபீஸ்களுக்குத் திரை வரைந்தாய். என் மருமகன் கூட அதே தொழில்தான். அவன் காட்டும் திரையில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன, வியாபாரமே ராட்டினமாகச் சுற்றுகிறது. வாய் பிளந்து பார்த்துவிட்டு, "இதுல எது கெடப் போவுது?" என்று கேட்கிறேன். மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறான்.

மலை லோடு முதலில் போன அன்று சாயங்காலம், அரவை முடிந்து, சடையன் மறுபடி ஜன்னலுக்கு வந்தார். தன் வட்டம் இருந்த இடத்தைத் தேடினார். அங்கே எதுவும் இல்லை. "அரைச்சாச்சு, மாவு வெள்ளையாத்தான் வந்துச்சு" என்றாய். அவர் போகவில்லை. திரையின் அந்த வெறும் கறுப்பை, நிறைந்த ஏரியைப் பார்ப்பது போல, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். நீ இருந்த இடத்தையும் அப்படிப் பார்க்க முயல்கிறேன். இன்னும் பழகவில்லை.