தலையோடு போர்த்த ஒரு பாய்

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பியாவிலிருந்து உங்கள் மகள் லோசா வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

அம்மா, பெரியப்பா மகன் செமிசி அண்ணனைச் சுட்டுக் கொன்ற பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. நாட்டை விட்டுப் போகச் சொல்லி நம் ஆட்கள் போன ஊர்வலத்துக்கு முந்தின நாள், நான் வேலை செய்யும் வீட்டு வெள்ளைக்காரப் போலீஸ் துரை, "நாளைக்கு உங்க ஆளுங்க கையில என்ன இருக்கும்?" என்று கேட்டார். அன்று காலைதான் அண்ணன், "என் மேளச் சத்தத்துல உன் துரை காது கிழியும் பாருடி" என்று கேலி செய்துவிட்டுப் போயிருந்தான். மேளமும் கொடியும்தான் என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால் அண்ணனைச் சொல்லவேண்டி வரும்; என் வேலை போய்விடும். "தெரியாதுங்க" என்றேன்.

நேற்று துரைசாணி அவரிடம், "வெறுங்கையோட வந்தவங்கள ஏன் சுட்டீங்க?" என்றாள்.

"கத்தியோட வந்தா பிடிச்சு அடைக்கலாம். வெறுங்கையோட வந்து, 'எங்க நாட்ட விட்டுப் போ'ன்னு சொல்றவன சும்மா விட்டா, நாளைக்கு எந்தத் தீவுல நம்ம பேச்சு எடுபடும்?" என்றார் துரை. நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லியிருந்தாலும் சுட்டிருப்பார்கள். ஆனாலும் நான் சொல்லவில்லையே அம்மா.

அவர்கள் நம் வழக்கப்படி பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, செத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வரமாட்டார்கள். நான் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். என் கல்யாணத்துக்கு நீங்கள் பின்னி வைத்த பாயை அடுத்த படகில் அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் கொக்கோ. இங்கே கிடைப்பது நம் வீட்டு வாசனை அடிப்பதில்லை.

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். அண்ணி மன்னித்து என் தலையிலிருந்து பாயை எடுக்காவிட்டாலும், வெயில் ஏறி இறங்கும்வரை அவள் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

லோசா