பெட்டகத்தின் மேல் ஒரு பளிங்கு

செப். 7, ஞாயி.
கச்சான் காற்று, கடலுக்கு ஒருவரும் போகவில்லை. மீன் இல்லை, முட்டைதான்.
கெமிஸ்ட்ரி படிக்கும் பேத்தி சப்னா கம்பஸிலிருந்து வந்தாள். கையில் சுண்டுவிரல் அளவு போத்தல், அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். என் அறைப் பெட்டகத்தின் மேல் வைத்தாள். வீட்டிலே குளிர்ந்த, இருட்டான இடம் அதுதானாம். எனக்குப் பெருமை.
"தொடவும் வேணாம், மணக்கவும் வேணாம் உம்மம்மா. ஆடாம இரிந்தா உப்புக்கல்லு மாதிரி பளிங்கு விளையும்."
உள்ளே நாகமும், அதுதான் துத்தநாகம், அயடீனும். பிரிடீன் என்கிற இரசாயனச் சாமான் ஒன்று நண்டு மாதிரி இரண்டு கொடுக்கால் நாகத்தைப் பிடிக்குமாம். மற்றப் பக்கம் இரண்டு அயடீன். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு விளங்கியது. மகள் ஓ.எல். சோதனை பாஸ், அவளுக்கு விளங்கவில்லை.
கம்பஸில் மூன்று தடவை அதிர்ந்து தூளாகிவிட்டது. வியாழன் கொழும்பு எக்ஸ்ரே மெஷினில் படம் பிடிக்க ஒற்றைப் பளிங்கு வேண்டும், சீனிப் பருக்கை அளவு. தவறினால் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும்.
தறி அடித்தால் வீடே அதிரும்; என் மருமகன், சப்னாவின் வாப்பா, வியாழன் வரை பின்கொட்டில் தறியை நிறுத்தச் சம்மதம். மகள் மூலம் கேட்டேன். மருமகனோடு மாமி நேரே கதைப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. இருபத்தாறு வருடம், ஒரு சொல் இல்லை.

செப். 8, திங்.
சப்னா கம்பஸுக்கு. தறிச் சத்தம் இல்லாத வீடு, கடல் வற்றினது போல.
மூடியில் ஊசித் துளை. அதால் தண்ணீர் மெல்ல மெல்லப் போக, உள்ளே ஒவ்வொன்றாக வந்து தொழுகை வரிசை போல ஸஃப் கட்டுமாம், தோளோடு தோள். பகல் தூக்கத்தில் நானும் அதற்குள். மஞ்சள் வெளிச்சம். யாரோ நகர்ந்து இடம் தந்தார்கள்.
வாங்க: உப்பு, தேயிலை, வெற்றிலை.

செப். 9, செவ்.
போத்தல் ஓரத்தில் ஊசிமுனை மினுக்கம். மாஷா அல்லாஹ். ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்பட்டுவிடும்.

செப். 10, புத.
மகள் கிளினிக் போனாள். பத்து மணிக்குத் தறி தடால், தடால். லுங்கிச் சாரனுக்கு ஓடர் தந்தவன் நெருக்கினானாம். போத்தல் தண்ணீர் நடுங்கியது. சொல்லி அனுப்ப வீட்டில் ஆளில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக் கொட்டில் வாசலில் நின்றேன். 
"தம்பி, நிப்பாட்டுங்க. புள்ளட பளிங்கு பழுதாப் போயிரும்."
மருமகன் எழும்பிவிட்டார். "ஓம் மாமி." பிறகு நிலத்தைப் பார்த்து, "தேத்தண்ணி குடிச்சீங்களா?"
"குடிச்சன்." குடிக்கவில்லை.
பின்னேரம் மகள்: "என்னகா உம்மா, ரெண்டு பேரும் கதைச்சீங்களாமே! மருதமுனை ஊரே கதைக்குது."

செப். 11, வியா.
இரவு வந்த சப்னா, சுபஹுத் தொழுகைக்குப் பின் உருப்பெருக்கி வில்லை வைத்துப் பார்த்தாள். அவள் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை.
"ஒண்டுதான் உம்மம்மா! தெளிஞ்ச ஒண்டு!"
அதே தண்ணீரோடு கொண்டுபோனாள். வெளியே எடுத்தால் கீறல் விழுந்து வெடிக்குமாம். பெட்டகத்தின் மேல் வெறுமை.

செப். 13, சனி.
காலை பத்து. வானம் மப்பு. சப்னாவின் போன். எடுத்தது மருமகன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று நேரே என்னிடம்: "மாமி, படம் வந்திட்டாம். நாகம், அயடீன் எல்லாம் புள்ள நினைச்ச இடத்திலதானாம்."
"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கண் நிறைந்துவிட்டது.
வியாழன் தறி ஓடவில்லை; நேற்று வெள்ளி, ஜும்ஆ, அன்றும் இல்லை. இன்றும் சத்தமில்லை. ஏன் என்று மகளைக் கேட்டேன்.
"நிப்பாட்டச் சொன்னது நீங்களாம். தொடங்கவும் நீங்கதான் சொல்லணுமாம்."
மருமகன் பெரிய ஆள்தான். தறியைத் தொடங்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.