அமெரிக்க மூட்டையில் நம்ம வேலிகாத்தான்

என் உயிரான அக்காவுக்கு,

உன்னைக் கொண்டுபோன ஐப்பசி மழை மறுபடியும் வரப் பார்க்கிறது. வானம் லேசாகக் கறுத்தாலே உப்பளத்தில் உப்புக் குவியலை மூட ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். இதில் பாதியைக் கழித்துக்கொள்.

நீ அப்படித்தானே சொல்வாய்? நான் யாரிடம் எதை ஆரம்பித்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இவன் சொல்றதுல பாதியக் கழிச்சிட்டுக் கேளுங்க, மீதி பாதி நெசமா இருக்கும்" என்பாய். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சென்னைக்காரர்கள் எதிரிலேயே சொல்லி என் மானத்தை வாங்கியவள் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடுவதாக ஒரு தம்பி வாங்கிப்போகிறார். எழுத்துப்பிழையை அவர் பார்த்துக்கொள்வார். எட்டாம் வகுப்போடு நான் நின்றபோது வாத்தியார்கள் எல்லாம் கேட்டுக்கு வந்து அழுதார்கள் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மகள் செல்வி சேதிக்கு வருகிறேன். கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருக்கிறார்கள். அங்கே சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் நான் மட்டும்தான். சுனாமி அலை வந்துபோன பிறகு பாதி உப்புப் பாத்தியில் சேறு நின்றுவிட்டது, உனக்குத் தெரியும். மிச்சப் பாத்தியில் உப்பு வாரப் போனால் கால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் காலைப் பார்த்து வளர்ந்தவள். திரும்ப அங்கே இறங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

முதலாளி ஜெரோம் சார் பாண்டிச்சேரிக்காரர், பல வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். அங்கிருந்து கப்பலில் ஒரு அடுப்பு கொண்டுவந்தார். அக்கா, அது பஸ் அளவு இருக்கும். சரி, மாட்டு வண்டி. சரி, நம்ம பீரோவைப் படுக்கவைத்த மாதிரி. விறகு கேட்காது, கரி கேட்காது. மரத்தூளை அழுத்தி, கோழித்தீவனம் போல் குட்டிக் குட்டிக் குச்சியாக அமெரிக்காவிலிருந்தே மூட்டையில் வருகிறது. மேலே ஒரு பெட்டியில் கொட்டினால் உள்ளே ஒரு திருகு சுற்றி, குழந்தைக்கு ஊட்டுவது போல் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டுகிறது. அந்தப் புகையிலேயே மீன் வேகும். திருகு சுற்றக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் அணைந்துவிடுகிற அடுப்பை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

சனிக்கிழமை சார் சென்னைக்குக் கிளம்பும்போது செல்வியைக் கூப்பிட்டு, "நாளைக்கு கெஸ்ட் வர்றாங்க. மூணு மூட்டை இருக்கு, மீனுக்கு எது சரின்னு நீயே பார்த்துப் போடு. நல்லா வந்தா அந்த அடுப்பு இனிமே உன் பொறுப்பு" என்றாராம். நல்லா வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற வேலையாவது நிலைக்குமா என்று இவளுக்குப் பயம். எனக்குப் போன் வந்தது. மரம் என்றால் மாமாதான் என்று இந்தத் தாலுகாவே சொல்லும். கலெக்டர் பங்களா அடுப்புக்கே கட்டை பொறுக்கிக் கொடுத்தவன் நான். கழித்துக்கொள்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். மூட்டையில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்து எதற்கு? ஒரு குச்சியை எடுத்து ஒடித்தேன். நல்ல குச்சி என்றால் டிக்கென்று ஒடியவேண்டும், மேலே ஒரு பளபளப்பு இருக்கவேண்டும். முதல் மூட்டையில் ஆப்பிள் படம். ஏதாவது வாசனை எண்ணெய் ஊற்றியிருப்பானோ என்று நுனியைக் கொளுத்திப் பார்த்தேன். இல்லை, வெறும் மரம்தான். சாதுவான புகை. இரண்டாவது மூட்டையை எவனோ பிரித்துப்போட்டுக் கட்டாமல் விட்டிருக்கிறான். நம்ம ஊர்க் காற்று சும்மா விடுமா? ஈரம் குடித்து, விரலால் அழுத்தினாலே அவலாக உதிர்ந்தது. இதைப் பெட்டியில் கொட்டினால் திருகு அடைத்துக்கொள்ளும், கிட்டேயே போகாதே என்றேன்.

மூன்றாவது மூட்டையைப் பார்த்துத்தான் அக்கா, நான் அப்படியே நின்றுவிட்டேன். இலையும் முள்ளும் காயுமாக ஒரு படம். வளைந்த மஞ்சள் காய், சின்னச் சின்ன இலை. குச்சியைக் கொளுத்தினேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. நம்ம வரப்பு முழுக்க முளைத்து நிற்கிறதே, சீமைக்கருவேலம் என்பார்களே, வேலிகாத்தான், அதேதான். மதியத்தில் நீ உப்பு வாரிவிட்டு வந்து மடவை மீனைச் சுடுவாயே, அந்த முள்ளு.

"செல்வி, இது நம்ம வேலிகாத்தான்" என்றேன்.

சமையல்கட்டே சிரித்தது. மாஸ்டர் முருகேசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, அமெரிக்காக்காரன் நம்ம உப்பளத்து முள்ள வெட்டி மூட்டை கட்டி நமக்கே கப்பல்ல அனுப்பிட்டானா?" என்றான். "போன வாரம் கப்பல் கேப்டனுக்கு நண்டு வறுத்துக் குடுத்தேன்ன. அதுக்கு முந்தின வாரம் சுறா உன்னைப் பார்த்துத் திரும்பிப் போயிட்டுதுன்ன. இப்ப முள்ளுமரம் பிளேன் ஏறுது. மச்சம் உனக்கு."

கப்பல்ல என்று சொல்லிவிட்டு அவனே பிளேன் என்கிறான். அதை யாரும் கவனிக்கவில்லை.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இத்தனை பேச்சு பேசியிருக்கிறேன், அக்கா. ஒரு நிஜத்தைச் சொல்லிவிட்டு இப்படி நின்றதில்லை. என்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், நீ இருக்கிறாயா என்று. நீ போனபிறகு நம்புகிறவன் முழுசாக நம்புகிறான், நம்பாதவன் முழுசாகத் தள்ளிவிடுகிறான். பாதி கழித்து மீதியை எடுத்துக்கொள்ள யாருமில்லை.

முருகேசன் போனபிறகு செல்வி மெதுவாகக் கேட்டாள். "மாமா, இதுல எவ்ளோ கழிக்கணும்?"

"ஒண்ணும் கழிக்காதம்மா. இது மொத்தமும் நெசம்."

செல்வி வெளியே போய் வேலியோரத்தில் காய்ந்த முள்ளுக்குச்சி ஒன்றை ஒடித்துவந்தாள். ஒரு பால் டின்னில் அதையும், இன்னொன்றில் மூட்டைக் குச்சியையும் கொளுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு இதன்மேல் ஒருமுறை, அதன்மேல் ஒருமுறை குனிந்தாள். கண் திறந்தபோது கலங்கியிருந்தது. புகைதான் என்றாள். நானும் புகைதான் என்றேன்.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குது மாமா. ஆனா மீனுக்கு இது ஜாஸ்தி. அம்மா புகை அடங்கி கங்கு ஆனப்புறம்தான மீன வைப்பாங்க? இந்த அடுப்புல புகை அடங்காது. கசந்துடும்."

"அப்ப ஆப்பிளே போடு."

"அது மட்டும் போட்டா ஒண்ணுமே ஏறாது." யோசித்தாள். "இதுல பாதியக் கழிச்சிட்டு அதுல பாதி கலந்துடறேன்."

என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்திரத்தை எடுத்து அளக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. பீடி வாங்கப் போகிறேன் என்று ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் நன்றாக வந்தது. ஜெரோம் சார் என் காலில் விழுந்தார். சரி, கும்பிட்டார். சரி, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அடுப்பு இப்போது செல்வி பொறுப்பில் இருக்கிறது. முருகேசன்கூட ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். சந்தோஷத்தோடு பஸ் ஏறி வந்து வீட்டைத் திறந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. உன் தட்டும் டம்ளரும் அலமாரியில் இருந்தபடியே இருந்தன. அவற்றிடம் கொஞ்சம் சொன்னேன். எல்லாவற்றையும் நம்பிவிட்டன, அக்கா. அப்புறம் பேச்சு ஓடவில்லை.

அடுத்த மாதம் உனக்கு முதல் வருஷப் படையல். ஒன்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் குச்சியும் வேண்டாம், கரண்ட் அடுப்பும் வேண்டாம். நம்ம வரப்பு வேலிகாத்தானை நானே வெட்டி, புகை அடங்கக் காத்திருந்து, கங்கில் மடவை சுட்டு உனக்கு வைப்பேன். காக்கா வந்து எடுக்கும். எடுத்ததும் நீதான் வந்தாய் என்று ஊர் முழுக்கச் சொல்வேன். நீ என் பக்கத்தில் நின்று எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அதில் மட்டும் பாதியைக் கழிக்காதே.

உன் வாய்க்கு மட்டும் அடங்கின,
உன் தம்பி