உன் பெயர் போட்ட வரி

கண்ணு,

இன்று கூட்ட அறையின் வெள்ளைப் பலகையைத் துடைத்தேன். மார்க்கர் மை வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்புதான். விரலாலேயே அழிப்பாய். அந்தக் கறுத்த விரலோடு வந்து என் சோற்று டப்பாவில் கை வைப்பாய்.

"இன்னாம்மா எழுதுற அதுல?" என்று ஒருநாள் கேட்டேன். டீ கொடுக்கிறவள்தானே என்று ஒதுக்காமல் சொன்னாய். படங்களைச் சுருக்கி வைக்கும் ஒரு கணினி நிரல். மற்ற கம்பெனிகள் வாங்கித் தங்கள் நிரலோடு பொருத்திக்கொள்ளும். படத்தின் அளவைச் சொல்லும் எண்ணுக்கு அதில் ஓர் இடம் விடவேண்டும்.

"உங்க வூட்டு மொபெட்ல மீட்டர் ரொம்பிட்டா திரும்ப சைபர்லேர்ந்து ஓடுதுல்ல அக்கா? அந்தமாரி. இங்க மைனஸ்ல கூட பூடும். கொள்ளலன்னா கொள்ளலன்னு சொல்லணும். தப்பு நம்பர வச்சிகினு கம்முனு இருக்கக் கூடாது."

நான் டீத் தட்டோடு நின்ற ஒருநாள், பெரிய சாரிடம் மல்லுக்கு நின்றாய். "இடத்த இப்பவே பெருசா வுடலாம் சார். வெளிய குடுத்துட்டா மாத்த முடியாது. அத நம்பி எழுதினவங்களுது எல்லாம் ஒடஞ்சிடும்."

"அவ்ளோ பெரிய படத்த எவம்மா அனுப்பப் போறான்? சொன்னத செய்."

செய்தாய். அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. முட்டுக்காட்டில் உன் வீட்டு வாசலில் மாலையோடு நின்றார் அந்த மனுஷன்.

போன வாரம் அவ்வளவு பெரிய படம் வந்தது. எண் இடம் கொள்ளாமல் புரண்டு, வாங்கிய கம்பெனியில் எல்லாம் படுத்துவிட்டது. நிரலில் எந்த வரியை யார் எழுதினார் என்று திரையில் பெயர் காட்டுமாம். கூட்டத்தில் உன் பெயரைக் காட்டி, "பாவம், அந்தப் பொண்ணுக்கு அனுபவம் பத்தல" என்றார் பெரிய சார்.

பாவமாம்! நீ மல்லுக்கு நின்ற அன்று கூட இருந்தவர்கள் குனிந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவள் வந்து பேசவா போகிறாள் என்ற தைரியம்.

தட்டை மேசையில் வைத்தேன். "சார், அந்தப் பொண்ணு சின்னதா வாணாம்னுதான் சொல்லிச்சு. நீங்கதான் எவன் அனுப்பப் போறான்னீங்க. நான் இங்கியே நின்னுகினு இருந்தேன்."

"டீ குடுக்க வந்தியா, பேச வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்."

மூலையில் இருந்த ஒரு பெண் தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். நீ எழுதி அனுப்பிய மறுப்பும், அதற்கு அவர் போட்ட பதிலும் அப்படியே இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாளையிலிருந்து எனக்குக் கீழ்த்தளத்தில் கழிவறை வேலை. அந்தக் கூட்ட அறையைவிட அது சுத்தம். இவர்கள் மேல் வந்த அருவருப்பு என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். உன் மேல்தான் தப்பு என்று உன் அம்மா காதுவரை பேச்சு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் நடந்ததைச் சொல்கிறேன். இவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள்.